கஜபதி அடைத்த ஓட்டைகள்

கஜபதிக்கு அன்று காலை இட்லி இறங்கவில்லை. பயமெல்லாம் இல்லை, சந்தோஷம்தான். கல்யாணத்தன்றுகூட வயிறு முட்ட இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மேடையேறிய ஆள் அவர். இன்றைக்கு இரண்டாவது இட்லியிலேயே எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டார். கழுவியவர் குழாயை இறுக்கி மூடி, கீழே விரலை நீட்டிச் சொட்டு வருகிறதா என்று பார்த்தார். எந்தச் சந்தோஷத்திலும் அந்தப் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகாது.

“இன்னாங்க, ஏணிய கட்டிட்டீங்களா?” என்று உள்ளேயிருந்து கலைவாணி குரல் கொடுத்தாள்.

“ஏணி, உளி, சுத்தி, டிரில் எல்லாம் ஆட்டோல ஏத்தியாச்சு. நீதான் இன்னும் கண்ணாடி முன்னாடி நின்னுகினு கீற.”

“இன்னிக்கு நிக்காம வேற என்னிக்கி நிக்கிறது?”

அதுவும் நியாயம்தான். கலைவாணியின் அகில் மரங்கள் மணக்கின்றனவா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். மணந்தால் மரங்கள் நிற்கும். மணக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் ஆறு மரமும் தரையில் கிடக்கும். மணக்கும் என்பதில் கஜபதிக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. ஏனென்றால் அவர் கலைவாணிக்கே தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தார். எல்லாம் முடிந்து எல்லோரும் அவளைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது, மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதை எடுத்துவிடப் போகிறார். அப்போது அவள் முகம் எப்படி மலரும் என்று ராத்திரியெல்லாம் நினைத்துப் பார்த்ததில்தான் இட்லி தொண்டையில் நின்றது.

கஜபதி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஒழுகல் பார்க்கிறவர். வார்ப்பிலிருந்து வந்த பம்பு உடம்பை எல்லாப் பக்கமும் மூடி, உள்ளே காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். கஜபதி குனிந்து பார்ப்பார். ஒன்றும் வராவிட்டால் அது பாஸ். கடுகு மாதிரி ஒரு குமிழி எழும்பிவிட்டாலும் போச்சு, சாக்பீஸால் ஒரு சுழி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். மீசை அரும்பிய வயதில் சேர்ந்தவர், மீசை நரைத்த பிறகும் குமிழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் அவருக்கு ஒரு வியாதியே ஒட்டிக்கொண்டது. எது ஒழுகினாலும் பொறுக்காது. கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனால் பக்கத்துக் குழாயையும் சேர்த்து மூடிவிட்டு வருவார். பஸ்ஸில் யார் பையிலாவது தண்ணீர் பாட்டில் கசிந்தால், தூங்குகிறவரைத் தட்டி எழுப்பிச் சொல்வார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒழுகல் அடைக்கிற பசை இருக்கும். இரண்டு துண்டை ஒன்றாகப் பிசைந்து ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடுமே, அந்தப் பசை.

கலைவாணியின் உலகம் வேறு. சேக்காட்டில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறாள். ஆவடி மார்க்கெட்டில் அவள் பாக்கெட்டுக்கு நல்ல கிராக்கி. காளான் பயிற்சிக்குப் போன இடத்தில் அகிலைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆறு கன்று வாங்கி வந்து, வெள்ளானூரில் நட்டாள். அது அவள் அப்பா விட்டுப்போன மனை. அவளுக்கும் அவள் அண்ணன் உலகநாதனுக்கும் பொது. தண்ணீர் லாரிக்காக ஊரே குடத்தோடு தெருவில் கிடந்த அந்தக் கோடையில், ஸ்கூட்டியில் கேனை வைத்துக்கொண்டு சேக்காட்டிலிருந்து வெள்ளானூருக்குத் தண்ணீர் சுமந்த பைத்தியம் அவள் ஒருத்திதான். பைத்தியம் என்று சொன்னவர் உலகநாதன்.

அகில் மரம் சும்மா மணக்காது. வெறும் அகில் வெறும் கட்டைதான், அடுப்புக்குக்கூட அவ்வளவாக ஆகாது. அதற்கு ஒரு காயம் பட்டு, காயத்தில் பூஞ்சை ஏறி, மரம் அதோடு மல்லுக்கு நின்று பிசின் சுரந்தால்தான் கட்டை கறுத்து வாசனை வரும். காட்டில் எந்த மரத்துக்குள் வாசனை இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாததால், கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிச் சாய்த்துப் பிளந்து பார்க்கிறார்கள். கலைவாணி கற்றுவந்தது வேறு வழி. சின்னச் சின்னத் துளைகள் போடவேண்டும், நடுத்தண்டு வரை போகாமல். அதற்குள் பூஞ்சை வளர்த்த கரைசலை ஊற்றவேண்டும். ஒரு வருஷம் போனால், கறுத்த இடத்தை மட்டும் மேலாகச் சீவி எடுத்துக்கொள்ளலாம். காயம் ஆறும், மரம் நிற்கும். அடுத்த வருஷம் வேறு பக்கம்.

உலகநாதனுக்கு இந்தக் கதையே பிடிக்கவில்லை. சுற்றிலும் வீடுகள் முளைத்துவிட்டன. மரத்தை மொத்தமாக விற்றுவிட்டு வாடகை வீடு கட்டவேண்டும் என்பது அவர் கணக்கு. போன வருஷம் ஆடிக்கூழ் ஊற்றிய அன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் பேச்சு முற்றியது.

“அட்த்த கூழுக்குள்ள மரத்த வெட்டாம வாசன எட்த்து காட்டு. காட்டிட்டன்னா நான் வாயே தொறக்கல. காட்டலன்னா வெட்டும்போது நீ வாயத் தொறக்கக் கூடாது,” என்றார் உலகநாதன்.

“வாசனன்னு யார் சொல்றது? நீ ஊதுபத்திய மோந்தாலே தும்முவ,” என்றாள் கலைவாணி.

“பூந்தமல்லி லத்தீஃபாம்மா சொல்லட்டும்.”

லத்தீஃபா பூந்தமல்லியில் அத்தர் கடை வைத்திருப்பவர். அவர் மூக்கு பொய் சொல்லாது என்பது கடைத்தெருவே ஒப்புக்கொண்ட விஷயம். கலைவாணி அங்கேயே சரி என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு பேர் முன்னால் கொடுத்த வாக்கு.

அந்த வாரமே துளை போட்டார்கள். போட்டது கஜபதிதான். துளை ஆழம் மீறக்கூடாது என்று தன் கையாலேயே ஒரு வளையம் கடைந்து டிரில்லில் மாட்டிக்கொண்டார். கலைவாணி கை தட்டிச் சிரித்த சிரிப்பு அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. கீழே போட்டால் தெருப் பிள்ளைகள் குச்சி விட்டு நோண்டுவார்கள் என்று, துளைகள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. கலைவாணிக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது; கீழேயிருந்து பார்த்தால் அந்தச் சின்னத் துளைகள் கண்ணில் படாது. அதனால் மேலே என்ன நடந்தாலும் அது கஜபதியின் ராஜ்ஜியம். கீழேயிருந்து அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். டிரில் ஓடுகிற சத்தத்தில் அவர் கல்யாணமான நாளிலிருந்து ஆட்டுகிற மாதிரியே தலையை ஆட்டினார்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜபதி தனியாகப் போய் மரங்களைப் பார்த்தார். ஒவ்வொரு துளையிலிருந்தும் பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பாடுபட்டு ஊற்றிய மருந்தெல்லாம் மழையில் கரைந்து போகிறதே! மனைவியின் மானம் மரியாதை எல்லாம் ஒழுகுகிற மாதிரி இருந்தது அவருக்கு. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. ஏணியைப் போட்டார். பசையைப் பிசைந்தார். ஒவ்வொரு துளையாக அடைத்து, மேலே பட்டைத் தூளைத் தேய்த்து மெருகேற்றினார். இரண்டடி தள்ளி நின்றால் துளை இருந்த இடமே தெரியாது. வேலை என்றால் அப்படி ஒரு சுத்தம்.

ஐந்து மரம் முடித்தார். ஆறாவது, மதில் ஓரத்து மரம். அதில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது. இலைகளை ஒன்றோடொன்று தைத்துப் பந்து மாதிரி கட்டுமே, அந்தச் சிவப்பு எறும்பு. அகில் இலையைத் தின்னும் புழுவை அவை பிடித்துத் தின்கின்றன, அவற்றின் மேல் மருந்தடிக்கக் கூடாது என்று கலைவாணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கஜபதி பாதி ஏணிகூட ஏறவில்லை. காதுக்குள், கழுத்துக்குள், வேட்டிக்குள் என்று எறும்பு புகுந்து விளையாடிவிட்டது. குதித்தவர் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தார். ஆறாவது மரம் மட்டும் நாசமாகப் போகட்டும், ஐந்து போதும் என்று விட்டுவிட்டார். அந்த ஐந்தையும் நினைத்துத்தான் இந்த வருஷம் முழுக்க அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு அவர்கள் போய் இறங்கியபோது, வெள்ளானூர் மனை வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. பின்னால் மரம் அறுக்கிற மிஷினும் கயிறும் கிடந்தன. இரண்டு ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் கலைவாணியின் முகம் சுருங்கியது.

“இன்னாண்ணா இது? அதுக்குள்ள கூப்ட்டுகினியா?”

“பக்கத்துல வேல முட்ச்சிட்டு வந்துகிறாங்க கலா. வாசன வந்தா அப்டியே அனுப்பிடப் போறேன். நான் இன்னா வில்லனா?” என்றார் உலகநாதன். அவர் அப்படி ஒன்றும் கெட்டவரில்லை. பொறுமைதான் கிடையாது.

லத்தீஃபா ஏற்கெனவே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கைப்பையிலிருந்து சின்னப் பித்தளைத் தூபக்காலை எடுத்துக் கரியை மூட்டி, வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.

“வாம்மா கலைவாணி. அரபுக்காரங்க இந்த அகில் கட்டைய ‘ஊது’ன்னு சொல்லுவாங்க. எங்க ஊட்ல அகருன்னு சொல்லுவோம். நிக்கிற மரத்துலேர்ந்து அகர் மோந்து பாக்கப் போறேன்னா, எனக்கே ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல போ!”

“எனக்கும்தான்க்கா!” என்று கலைவாணி சின்னப் பெண் போல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கஜபதி முதல் மரத்தில் ஏணியைச் சாய்த்தார். மார் நிமிர்ந்தது. உளியும் சுத்தியலும் இடுப்பில். ஒரு பாட்டுகூட முணுமுணுத்தார். மேலே போய், தான் அடைத்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தனக்கே கொஞ்ச நேரம் ஆனதில் ஒரு பெருமை. கீழே கலைவாணி லத்தீஃபாவிடம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“ஓட்டைய தொறந்தே வெச்சிகிறோம்க்கா. அதுதான் இதுல சூட்சுமமே.”

கஜபதியின் பாட்டு நின்றது.

“ஏன்மா, மழ தண்ணி போவாதா?” என்றார் லத்தீஃபா.

“போவட்டும்க்கா, போயி ஒழுவட்டும். காத்து போவணும், அவ்ளோதான். காளானா இருந்தாலும் சரி, இந்தப் பூஞ்சையா இருந்தாலும் சரி, காத்து இல்லன்னா செத்துடும். அது உயிரோட இருந்தாதான் மரம் அதோட சண்ட போடும். சண்ட போட்டாதான் பிசின். எங்க ஊட்டுக்காரர் கிட்ட மொத நாளே சொல்லிட்டேன், எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீங்கன்னு.”

கஜபதி கீழே பார்க்காமல் அடைத்த இடத்தைத் தடவினார். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பசை வில்லை முழுசாக, பம்பு மூடி கழல்வது போல் அழகாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அதற்குப் பின்னால் மரம் பால் போல வெளுத்திருந்தது. விளிம்பில் மட்டும் ஒரு பழுப்பு வளையம், டீ டம்ளர் வைத்த கறை மாதிரி. அவ்வளவுதான்.

வில்லையைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். பக்கத்தில் ஒரு சீவல் எடுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லத்தீஃபா சீவலைக் கரிமேல் வைத்தார். முந்தானையால் புகையை அணைத்து, கண்ணை மூடி இழுத்தார். திறந்தார். மறுபடி இழுத்தார்.

“வெறும் கட்ட பொகதான் வருது. இன்னொன்னு குடு தம்பி.”

இரண்டாவது மரம். மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஏறும்போது கஜபதி தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றிலும் வில்லை கழன்றது, மரம் வெளுத்துக் கிடந்தது. இவ்வளவு சுத்தமாக அடைக்கச் சொல்லி யார் அழுதார்கள்? ஒரு ஓட்டையாவது ஒழுங்கில்லாமல் அடைத்திருக்கக் கூடாதா? தன் கை நேர்த்தியை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சபித்தார்.

மூன்றாவது சீவலை மோந்த லத்தீஃபா முகத்தைச் சுளித்தார். “இன்னாமோ ஒரு வாசன கூடவே வருதே. பைப்பு ஒட்டுவாங்களே, அந்தப் பசை மாதிரி. இங்க யார்னா குழா ரிப்பேர் பண்ணாங்களா?”

“என் கைலேர்ந்து வரும்க்கா. கம்பெனி வேல,” என்றார் கஜபதி. சொன்ன குரல் அவருக்கே யாருடையதோ போலிருந்தது.

உலகநாதன் பெருமூச்சு விட்டார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “கலா, நீ நல்லாதாம்மா பாடுபட்ட. வரல. மூணு மரத்துல வராதது மீதில மட்டும் வந்துடுமா? இன்னா பண்றது? சொன்னது சொன்னதுதானே?”

கலைவாணி சண்டை போடுவாள் என்று கஜபதி எதிர்பார்த்தார். அவள் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முதல் மரத்தடிக்குப் போனாள். அடியில் கிடந்த சருகைக் காலால் ஒதுக்கினாள், தினமும் தண்ணீர் ஊற்றும்முன் ஒதுக்குகிற மாதிரி. “சொன்னது சொன்னதுதாண்ணா. நான் ஒண்ணும் பேசல,” என்றாள். அப்புறம் லத்தீஃபாவைப் பார்த்து, “மன்னிச்சுக்கோங்கக்கா. நாந்தான் எங்கியோ தப்பு பண்ணிகிறேன்,” என்றாள்.

நாந்தான் தப்பு பண்ணிகிறேன். அந்தச் சொல் கஜபதியின் காதை விட்டுப் போகவில்லை. உலகநாதன் வாசல் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். ஆட்கள் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். மிஷின் கயிற்றை ஒருவன் இழுத்துப் பார்த்தான். அது ஒருமுறை உறுமி அடங்கியது.

“மச்சான், நிறுத்து!” என்று கத்தினார் கஜபதி. “அவ தப்பு பண்ணல. நான்தான் அடச்சேன்.”

“இன்னாத்த அடச்ச?” என்றாள் கலைவாணி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் கேட்டது அதுதான் முதல்தடவை.

கஜபதி பைக்குள் கையை விட்டு வில்லைகளை எடுத்து நீட்டினார். வடைபோல் வட்டமாக, ஒரு பக்கம் பட்டைத்தூளோடு, அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. “ஒழுகிச்சு கலா. மழைல அப்டியே ஊத்திகினு இருந்திச்சு. மருந்து போயிடுமேன்னு... உன் பேரு கெட்டுடக் கூடாதேன்னுதான்...”

“பசைன்னு நான் சொன்னேன்ல?” என்று லத்தீஃபா ஒரு வில்லையை மோந்து பார்த்து, மூக்கை மூடிக்கொண்டார்.

கலைவாணி வில்லைகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணில் வந்தது அழுகையா கோபமா என்று கஜபதிக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

“எல்லாத்தியுமா?”

“எல்லாம் இல்ல. அந்த ஓர மரத்த தொடல.”

“அத்த மட்டும் ஏன் வுட்ட?”

“எறும்பு வுடல.”

ஆறு பேரும், மரம் அறுக்க வந்தவர்கள் உட்பட, ஒரே நேரத்தில் மதில் ஓரத்து மரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது அதில் எறும்புக் கூடு ஒன்றல்ல, நாலைந்து. இலைப் பந்துகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

“மாப்ள, கத வுடாதே. இது டைம் இழுக்கிற வேல,” என்றார் உலகநாதன். ஆனால் தூக்கிய கையை இறக்கிவிட்டார்.

“ஒரு தபா ஏறிட்டு வந்துடறேன் மச்சான். ஒரே ஒரு தபா.”

மரம் அறுக்கிறவர்களில் ஒருவன் ஆர்வம் தாங்காமல் கிட்டே வந்துவிட்டான். “அண்ணாத்தே, பந்தம் கொளுத்தி எறும்ப ஓட்டி வுடட்டா?”

“எறும்பு மேல எவனாவது கைய வெச்சீங்க...” என்று கலைவாணி சீறியதில் அவன் பின்வாங்கினான்.

கஜபதி வேட்டியை இறுக்கிக் கட்டினார். துண்டால் தலையையும் காதையும் சுற்றிக்கொண்டார். பாதி ஏணியில் முதல் கடி விழுந்தது. அப்புறம் எண்ண நேரமில்லை. கழுத்தில், கக்கத்தில், இமையில். போன தடவை இந்த இடத்தில்தான் குதித்தார். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். கலைவாணி கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். ஏணி வழியாக எறும்பு அவள் கைக்கும் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

துளை திறந்திருந்தது. விளிம்பெல்லாம் கன்னங்கரேலென்று, சொத்தைப் பல் மாதிரி. கஜபதிக்கு எறும்புக்கடி மறந்துபோனது.

“கலா! கறுத்துகீது! கலா, கறுப்பா கீது!”

“ஆழமா போவாத! மேலாப்புல சீவு! பட்டைய கிழிக்காத!” என்று அவள் கீழேயிருந்து கூவினாள்.

“எப்படியும் வெட்டப் போற மரம், அதுக்கு இன்னாத்துக்கும்மா இம்மாம் பயம்?” என்றார் உலகநாதன்.

“இது நிக்கப் போற மரம்ண்ணா! நீ சும்மா இரு!”

கஜபதி உளியைச் சாய்த்துப் பிடித்து, மாம்பழத் தோல் சீவுகிற பதத்தில் ஒரு சீவல் எடுத்தார். வெள்ளைக் கட்டையில் கறுப்பு இழைகள் ஓடின. எறும்பைத் தட்ட இரண்டு கையும் போதவில்லை. சீவலை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார். நாக்கில் வேப்பங்கொட்டை போலக் கசந்தது. தரையில் கால் பட்டதும் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மரம் அறுக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“எச்சி பண்ணிட்டியே தம்பி,” என்று லத்தீஃபா சீவலை வாங்கி முந்தானையில் துடைத்து, கரிமேல் வைத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. வெறும் கரிப்புகை. உலகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். கலைவாணி கண்ணை மூடிக்கொண்டாள். கஜபதி அப்படியே தூபக்காலுக்கு எதிரே குந்திவிட்டார். தொட்டிக்கு முன்னால் குனிகிற அதே குனிவு. முகம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. மற்ற கண்ணால் சீவலையே பார்த்தார். கறுப்பு இழை மினுமினுத்தது. ஈரம் கட்டியது. அதன் நடுவில், கடுகு மாதிரி, ஒன்று எழும்பியது.

“குமிழி!” என்று அவர் போட்ட சத்தத்தில் லத்தீஃபா தூபக்காலைக் கவிழ்க்கப் பார்த்தார். “குமிழி வருதுக்கா! இதோ இன்னொண்ணு! ஐயோ, போச்சா?”

வாழ்நாள் முழுக்கக் குமிழி என்றால் அவருக்குத் தோல்விதான். சாக்பீஸுக்குக் கை பரபரத்தது.

“போச்சா?” லத்தீஃபா குனிந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல விரிந்தது. “தம்பி, அது எண்ணெ பொங்குது. கட்டைக்குள்ள எண்ணெ இருந்தாதான் அப்டி பொங்கும். மாஷா அல்லாஹ்!”

அப்புறம்தான் வந்தது வாசனை. முதலில் புதுத் தோல் செருப்பு மாதிரி ஒரு காரம். அதன் பின்னாலேயே வெல்லப்பாகு அடிபிடிக்கப் போகிற நேரத்து இனிப்பு. அதற்கும் பின்னால் பேர் சொல்லத் தெரியாத ஒன்று. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்து, “இன்னாக்கா அது, அவ்ளோ நல்லா கீது?” என்று கேட்டாள். உலகநாதன் தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். தும்மவில்லை.

“மொத தரம்னு சொல்ல மாட்டேன். இது கொழந்த வாசன, இன்னும் முத்தணும்,” என்றார் லத்தீஃபா. “ஆனா அகர்தான். எந்த ஊர் சந்தைல வெச்சு வேணா சொல்லுவேன்.”

உலகநாதன் வாசலைப் பார்த்து, “வேல இல்லப்பா. கெளம்புங்க. வண்டி வாடக நான் குட்த்துடறேன்,” என்றார். கலைவாணியிடம், “மத்த அஞ்சும் இன்னாவும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வாடகை வீடு இல்லை என்பதைக் கவனித்த கலைவாணிக்கு அழுகை வந்தேவிட்டது. வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“தொறந்து வுட்டு மருந்து ஊத்துனா அட்த்த கூழுக்கு மணக்கும்ண்ணா. ஒண்ணும் கெட்டுப் போல. மரம் நல்லா கீது பாரு, ஒரு எல வாடல.”

மரம் அறுக்கிறவன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு கொடுத்தான். கலைவாணி கஜபதியை உட்காரவைத்து, வீங்கிய இடமெல்லாம் தடவினாள். தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தியே தடவினாள். அவர் முனகவில்லை. முனகும் உரிமை இன்றைக்குத் தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

“பசை எங்க?” என்றாள்.

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “டிரில்ல எட்த்துகினு ஏறுங்க,” என்றாள்.

அந்த ‘ங்க’ திரும்பி வந்ததில் அவருக்குப் பாதி வீக்கம் வடிந்துவிட்டது.

முதல் மரத்தில் ஏறினார். அதில் கழற்றாமல் மீதியிருந்த வில்லைகளில் ஒன்றை டிரில்லால் கடைந்து எடுத்தார். துளை திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த பழுப்புத் தண்ணீர் குபுக்கென்று வந்து, பட்டை வழியே கோடாக இறங்கியது. நிற்கவில்லை. கஜபதியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

“இன்னாச்சு?” என்று கீழேயிருந்து கலைவாணி கேட்டாள்.

“ஒழுவுது கலா.”

“ஒழுவட்டும்.”

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “சரி, ஒழுவட்டும்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஓட்டையைத் தேடினார்.